ஸ்டோரிபோர்டைத் திருத்தித் தருகிறார்களா? இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் ஆன்லைன் பயிற்சிகள் பற்றி

பி.எட். முடித்துவிட்டுப் பள்ளி வேலைக்குக் காத்திருப்பவர்கள், கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் புது ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவர்கள், தினமும் கோவைக்குப் பஸ் ஏறிப் போய் கன்டென்ட் எழுதுபவர்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களில் இந்த மூன்று தரப்பினருக்கும் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் ஒத்துவரும் தொழில்; வேலைப் பயிற்சிக்கான பாடங்களைத் திட்டமிட்டு எழுதுவதுதான் அது. வீட்டில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளலாம். இலவசத்திலிருந்து லட்ச ரூபாய் வரை பயிற்சிகள் இருக்கின்றன. எது எதற்கு உதவும், எங்கே பணம் வீணாகும் என்பதை வகை வகையாகப் பார்த்து எழுதியிருக்கிறோம்.

நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் எழுதும் ஸ்டோரிபோர்டை, அதாவது பாடம் திரைக்குத் திரை எப்படி வரும் என்ற எழுத்துத் திட்டத்தை, தொழில் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பித் தருகிறாரா? வீடியோ எத்தனை மணி நேரம், சான்றிதழில் யாருடைய முத்திரை, எத்தனை சாஃப்ட்வேர் சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

காரணம் இருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போது நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கச் செயல்முறைக் குறிப்பைக் கொடுத்து, ஒன்றிரண்டு நாளில் ஸ்டோரிபோர்டாக்கி அனுப்பச் சொல்கின்றன. திரை எண், திரையில் வரும் எழுத்து, பின்னணிக் குரல், படத்துக்கான குறிப்பு, டெவலப்பருக்கான குறிப்பு என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு வேர்டு கோப்புதான் அது. பாடம் உருவாக்கும் வேலையைப் பிரித்துச் சொல்லும் ஆடி (ADDIE) மாடலின் ஐந்து கட்டங்களை ஒப்பித்தால் அங்கே மதிப்பெண் கிடையாது. எது பாடத்தில் வர வேண்டும், எது வரக் கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவைத்தான் பார்ப்பார்கள். அந்த முடிவெடுக்கும் பழக்கம் வீடியோ பார்த்து வருவதில்லை. தப்பாக எழுதி, திருத்து வாங்கி, மறுபடி எழுதித்தான் வரும்.

ஓர் உதாரணம் காட்டினால் தெளிவாகும். சித்தூர் தாலுகா பால் மிகுந்த பகுதி. பால் சொசைட்டியில் புதிதாகச் சேர்ந்த பரிசோதகருக்குக் கொழுப்பு அளக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் மின்னணு அனலைசர் வந்துவிட்டாலும், அது காட்டும் அளவு சரியா என்று ஒத்துப் பார்க்க கெர்பர் முறை தேவைப்படுகிறது. செய்முறை சுருக்கமானது. பியூட்டிரோமீட்டர் குழாயில் முதலில் 10 மி.லி. கெர்பர் கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மி.லி. பால், பிறகு 1 மி.லி. அமைல் ஆல்கஹால். மூடி போட்டு, தயிர்க்கட்டி கரையும் வரை குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, 65 டிகிரி வெந்நீரில் நிறுத்தி, கொழுப்புப் பட்டையின் அளவைப் படிக்க வேண்டும்.

புதிதாகக் கற்பவர் இதை எழுதினால் முதல் திரையில் 1891இல் நிக்லாஸ் கெர்பர் இதைக் கண்டுபிடித்தார் என்று வரும். இரண்டாவது திரையில் கொழுப்பு என்றால் என்ன. மூன்றாவதில் மேலே சொன்ன செய்முறை, புள்ளி புள்ளியாக. கடைசியில் ‘பாலின் அளவு எவ்வளவு? 10, 10.75, 11’ என்று ஒரு கேள்வி. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், எல்லாவற்றையும் ஆதியிலிருந்து விளக்கிப் பழகிய கை என்பதால். நல்ல திருத்துநர் ஓரத்தில் எழுதும் முதல் குறிப்பு இப்படி இருக்கும்: ‘சொசைட்டியில் தப்பு எந்தப் படியில் நடக்கிறது? கேட்டீர்களா?’

கேட்டால் தெரியும். கேனில் உள்ள பாலை நன்றாகக் கலக்காமல் மேலாக சாம்பிள் எடுப்பது, அவசரத்தில் பாலை அமிலத்தின் மேல் நேராகக் கொட்டுவது, இவை இரண்டும்தான் அடிக்கடி நடப்பவை. அதை வைத்து எழுதிய திரை வேறு மாதிரி இருக்கும்.

திரையில்: பியூட்டிரோமீட்டரின் கழுத்து, பெரிதாக. கொழுப்புப் பட்டையின் அடியில் கறுப்புத் துகள்.

குரல்: ‘காலைப் பால், மூணாவது சாம்பிள். கொழுப்புக்கு அடியில கறுப்பா ஏதோ நிக்குது. நீங்க என்ன செய்வீங்க?’

தேர்வுகள்: கறுப்பை விட்டுவிட்டு மேலே தெரிவதை அளந்து எழுதுவேன். இன்னும் 1 மி.லி. அமைல் ஆல்கஹால் விட்டு மறுபடி சுற்றுவேன். அதே பாலைக் கலக்கிப் புதுசாக சாம்பிள் எடுத்து, குழாயின் சுவரோரமாக மெல்ல விட்டுத் திரும்பச் செய்வேன்.

ஒவ்வொரு தேர்வுக்கும் விளைவு எழுதியிருக்க வேண்டும். முதலாவதைத் தொட்டால், கருகிய துகள் பட்டையின் எல்லையை மறைத்துவிடும், பால் ஊற்றியவருக்குப் போய்ச் சேரும் பணம் மாறும். இரண்டாவதில், கூடுதலாக விட்ட ஆல்கஹால் கொழுப்போடு சேர்ந்து அளவைக் கூட்டிக் காட்டும். மூன்றாவதுதான் சரி. மெல்ல விட்ட பிறகும் கருகினால் அமிலத்தின் அடர்த்தி கூடுதல் என்று அர்த்தம், அமிலப் பாட்டிலைப் பொறுப்பாளரிடம் காட்ட வேண்டும் என்பதும் அந்தப் பின்னூட்டத்திலேயே வந்துவிடும்.

1891ஐயும் கொழுப்பின் இலக்கணத்தையும் எடுத்துவிட்டதால் பாடம் ஒன்றும் குறைந்துபோகவில்லை. இந்த மாற்றத்தை உங்கள் கையால் செய்ய வைக்கிறதா என்பதை வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறோம்.

இலவசத்தில் முதலில் சொல்ல வேண்டியது மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயமும், அதில் ஐஐடிகள் தரும் என்.பி.டி.இ.எல். பாடங்களும். இந்தத் துறைக்கு நேராக உதவும் உள்ளடக்கம் ஐஐடி பம்பாயின் கல்வித் தொழில்நுட்பத் துறை உருவாக்கியது. கற்பவரை மையமாக வைத்து ஆன்லைன் பாடம் அமைப்பதற்கு எல்.சி.எம். என்று ஒரு மாதிரியை வகுத்திருக்கிறார்கள். அதில் எங்களுக்குப் பிடித்த கருவி ‘ரிஃப்ளெக்‌ஷன் ஸ்பாட்’. வீடியோவின் நடுவே ஆசிரியர் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் எழுதி முடித்த பிறகுதான் தொடரச் சொல்வார். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் அடுத்த முறை நீங்கள் குரல் ஸ்கிரிப்ட் எழுதும்போது, இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேச விட மாட்டீர்கள்.

என்.பி.டி.இ.எல்.லில் சேர்வது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம். தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மையம் தேர்ந்தெடுக்கும்போது பாலக்காடு மட்டும் பார்க்காமல் கோயம்புத்தூரையும் பாருங்கள். வாளையாறு தாண்டினால் பக்கம்தான். மதிப்பெண் கணக்கு 25க்கு வாராந்தர அசைன்மென்ட், 75க்குத் தேர்வு. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியாகத் தேற வேண்டும். எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு அசைன்மென்ட்டுகளைத்தான் எடுத்துக்கொள்வார்கள், எனவே ஊரில் திருவிழா வந்து ஒரு வாரம் தவறினாலும் குடி முழுகிப் போய்விடாது. பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

குறை என்ன? அசைன்மென்ட் பெரும்பாலும் கொள்குறி வினா. கணினி திருத்திவிடும். உங்கள் ஸ்டோரிபோர்டை யாரும் பார்க்க மாட்டார்கள். அடிப்படை வலுப்பட இது போதும், வேலை கேட்டுப் போக இது மட்டும் போதாது.

கோர்செராவில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் பாடங்கள் வருகின்றன. கோட்பாட்டை அவர்கள் சொல்லித் தரும் ஒழுங்கு நன்றாக இருக்கிறது. கற்றல் குறிக்கோள்களுக்கு 1956இல் வந்த புளூமின் வகைப்பாடு, 2001இல் அதைத் திருத்தியது, 1962இல் மேகர் சொன்ன குறிக்கோள் எழுதும் முறை எல்லாம் வரிசையாகப் புரியும். இலவசமாகப் பார்ப்பவர்களுக்கு மதிப்பெண் உள்ள அசைன்மென்ட் பொதுவாகப் பூட்டியிருக்கும். நிதியுதவிக்கு விண்ணப்பித்தால் கட்டணம் குறையலாம். கூடப் படிப்பவர்களே திருத்தும் முறைதான் அங்கே சிக்கல். உங்களைப் போலவே போன வாரம் சேர்ந்த ஒருவர், ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதி முழு மதிப்பெண் போட்டுவிடுவார். உங்கள் தப்பு உங்களிடமே இருக்கும்.

லிங்க்டுஇன் லேர்னிங் வேலையில் இருப்பவர்கள் ஒரு நுணுக்கத்தை அரை மணியில் தேடிப் பார்க்க நல்லது. தொழிலுக்கு வர அது வழி அல்ல. இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் ஓப்பன்லேர்ன் முழுக்க இலவசம், எழுத்து வடிவில் படிப்பவர்களுக்கு ஏற்றது, நெட் மெதுவாக இருக்கும் மலையோர ஊர்களிலும் ஓடும். மூடுல் என்ற எல்.எம்.எஸ்.ஸை (பாடங்களை ஏற்றி, கற்பவரின் முன்னேற்றத்தைப் பதியும் மென்பொருள்) சொல்லித் தரும் மூடுல் அகாடமியும் இலவசம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல கல்லூரிகள் மூடுல் வைத்திருப்பதால், கல்லூரிப் பக்கம் வேலை தேடுகிறவர்கள் இதை விடக் கூடாது.

அடுத்தது கருவிகள். விளம்பரங்கள் அதிகம் சத்தம் போடுவதும் இங்கேதான்.

ஆன்லைன் பாடம் கட்டும் மென்பொருள் தொகுப்பான ஆர்டிகுலேட் 360க்கு ஒரு வருடச் சந்தா ஆயிரம் டாலருக்கு மேல். கற்பவர் தன் காசில் வாங்கத் தேவையே இல்லை. 30 நாள் இலவசச் சோதனைக் காலம் இருக்கிறது. ஆனால் நிறையப் பேர் செய்யும் தப்பு, பாடத்தில் சேர்ந்த முதல் நாளே அதைத் தொடங்கிவிடுவது. என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஸ்டோரிபோர்டு, குரல் பதிவு, படங்கள் மூன்றும் கையில் தயாரான பிறகுதான் சோதனைக் காலத்தைத் தொடங்க வேண்டும். அப்படியானால் 30 நாளில் இரண்டு மாட்யூல் தாராளமாக முடிக்கலாம்.

ஆர்டிகுலேட்டில் உள்ள முக்கியக் கருவிகள் ஸ்டோரிலைன், ரைஸ். ஸ்டோரிலைன் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். 8 ஜி.பி. ராம் இருந்தால் ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. ரைஸ் பிரவுசரிலேயே வேலை செய்யும், அழகாகவும் வரும், ஆனால் ரைஸில் மட்டும் செய்த போர்ட்ஃபோலியோவைப் பார்ப்பவருக்கு உங்கள் கைவேலை தெரியாது. டெம்ப்ளேட்டின் அழகுதான் தெரியும்.

காசில்லாமல் தொடங்க எச்5பி, அதை டெஸ்க்டாப்பில் ஓட்ட லூமி. இரண்டும் இலவசம். மேலே காட்டிய பால் சோதனைத் திரையை எச்5பியில், தேர்வுக்கேற்பக் கிளை பிரியும் ‘பிராஞ்சிங் சினாரியோ’ வகையில் அப்படியே செய்துவிடலாம். லூமியிலிருந்து ஹெச்.டி.எம்.எல். கோப்பாகவும் எல்.எம்.எஸ்.கள் ஏற்கும் பொது வடிவமான ஸ்கார்ம் பொதியாகவும் எடுக்கலாம். ஸ்டோரிலைன் தெரியாதவரை வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொல்லும் பயிற்சி நிறுவனங்களை நம்ப வேண்டாம். தெரிந்தால் சௌகரியம், அவ்வளவுதான். கிளை எங்கே பிரிய வேண்டும் என்று தெரிந்தவர் கருவியைச் சில வாரங்களில் பிடித்துவிடுவார்.

கருவிப் பயிற்சிகள் ஏறக்குறைய எல்லாமே ‘பப்ளிஷ்’ பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுகின்றன. வேலையில் சங்கடம் தொடங்குவது அந்தப் பொத்தானுக்குப் பிறகுதான். ஒரு பயிற்சி நல்லதா என்று பார்க்க, கீழே வரும் கோளாறுகளைப் பற்றி அதில் ஏதாவது பாடம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஸ்கார்ம் 1.2இல் கற்பவர் விட்ட இடத்தை நினைவில் வைக்க 4,096 எழுத்துக்குத்தான் இடம். நிறையத் திரை, நிறைய வேரியபிள், ஒவ்வொரு திரையும் தன் நிலையை ஞாபகம் வைக்கும்படி அமைப்பு. இப்படிக் கட்டிய பெரிய மாட்யூலில் அந்த இடம் நிரம்பிவிடும். 30ஆம் திரையில் மூடிவிட்டு வந்தவருக்குப் பழைய திரையோ முதல் திரையோ திறக்கும். எல்.எம்.எஸ். பழுது என்று எல்லாரும் சண்டை போடுவார்கள். தீர்வு, மாட்யூலைச் சின்னச் சின்னதாகப் பிரிப்பது, அல்லது எல்.எம்.எஸ். ஏற்றுக்கொண்டால் ஸ்கார்ம் 2004 நான்காம் பதிப்பில் வெளியிடுவது. அதில் 64,000 எழுத்துக்கு இடம் உண்டு.

கிளை பிரியும் பாடத்தில் இன்னொன்று. எல்லாத் திரையையும் பார்த்தால்தான் முடித்ததாகக் கணக்கு என்று அமைத்துவிட்டால், சரியான வழியில் போனவர் தப்பான வழியின் திரைகளைப் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு ஒருநாளும் ‘முடிந்தது’ விழாது. சரியாகச் செய்தவருக்கே தண்டனை. கடைசித் திரையில் முடிவுக்கான ட்ரிகர் வைப்பதுதான் முறை.

மூன்றாவது ஜிப் கோப்பு. பொதியை அவிழ்த்து ஒரு படத்தை மாற்றிவிட்டு, ஃபோல்டரையே ரைட் கிளிக் செய்து மறுபடி ஜிப் ஆக்குவார்கள். பொதியில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஒரு படி உள்ளே போய்விடும், எல்.எம்.எஸ். பொதியை ஏற்காது. ஃபோல்டருக்கு உள்ளே போய், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் ஆக்க வேண்டும். கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்காதீர்கள், சில எல்.எம்.எஸ்.கள் அதையும் ஏற்காது. வாடிக்கையாளரிடம் அனுப்பும் முன் ஸ்கார்ம் கிளவுடில் ஒரு இலவசக் கணக்கு வைத்து ஏற்றிப் பார்த்துவிட்டால் இப்படிப்பட்ட கோளாறுகள் பலவும் வீட்டிலேயே பிடிபட்டுவிடும்.

இனி கட்டணப் பயிற்சிகள். நான்கு முதல் ஆறு மாதம், வாரம் இரண்டு நேரலை வகுப்பு, போர்ட்ஃபோலியோ, நேர்காணல் தயாரிப்பு என்று விற்கப்படுபவை. இவற்றில் நல்லவையும் உண்டு. பெயர் சொல்லாமல், எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்கிறோம்.

கட்டணம் கட்டும் முன் மின்னஞ்சலில் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு திருத்துநருக்கு எத்தனை மாணவர்? திருத்தி வர எத்தனை நாள்? பழைய மாணவரின் ஒரு ஸ்டோரிபோர்டை, பெயரை மறைத்துவிட்டு, திருத்திய குறிப்புகளோடு காட்ட முடியுமா? முதல் இரண்டுக்கும் பதில் எழுதிவிடுவார்கள். மூன்றாவதற்கு என்ன வருகிறது என்பதுதான் விஷயம். ‘எழுத்துப் பிழை சரி செய்யவும்’, ‘படம் மாற்றவும்’ என்ற அளவில் மட்டும் குறிப்பு இருந்தால் அந்தப் பயிற்சி உங்களுக்கு எடிட்டரைத் தருகிறது, ஆசானைத் தரவில்லை. ‘இந்தக் குறிக்கோளில் உள்ள வினைச்சொல்லை எப்படி அளப்பீர்கள்?’, ‘இந்தக் கேள்வியை வேலை தெரியாதவரும் ஊகித்துவிடுவார்’ என்று குறிப்பு இருந்தால் பணம் கட்டலாம்.

போர்ட்ஃபோலியோவையும் பாருங்கள். ஒரே பேட்ச்சில் படித்த ஐந்து பேரின் போர்ட்ஃபோலியோவைத் திறந்தால் ஐந்திலும் அதே காபிக்கடைப் பணியாளர் பயிற்சி, அதே நிறம், அதே கார்ட்டூன் பெண். கோவையிலும் கொச்சியிலும் ஆள் எடுப்பவர்கள் இரண்டாவதைப் பார்த்ததுமே மற்றதை மூடிவிடுவார்கள். உங்கள் ஊர் விஷயத்தை எடுத்துச் செய்ய அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். பால் சொசைட்டி, உருக்காலையில் இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் பழுது பார்ப்பது, தென்னையில் மருந்து அடிக்கும்போது எடுத்துக்கொள்ளும் பாதுகாப்பு என்று கைக்கெட்டும் தூரத்திலேயே நிறைய இருக்கிறது. விஷயம் தெரிந்தவரிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கும் பயிற்சியும் அதோடு சேர்ந்து கிடைக்கும். ஒன்று கவனம்: வேலை பார்க்கும் நிறுவனத்தின் உள் ஆவணத்தை அனுமதி இல்லாமல் போர்ட்ஃபோலியோவில் போடக் கூடாது.

பணக் கணக்கு. விளம்பரத்தில் உள்ள கட்டணத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேருமா, ஏற்கெனவே சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதத் தவணை என்று சொன்னால், அது பயிற்சி நிறுவனத்துக்கு நேராகக் கட்டும் தவணையா, இல்லை ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடனா என்று பாருங்கள். கடனாக இருந்தால், இரண்டாம் மாதம் பிடிக்காமல் விலகினாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். பணம் திரும்பக் கிடைக்கும் விதியை எழுத்தில் வாங்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்ற வரி இருந்தால், எந்தப் பதவி, எந்த ஊர், எத்தனை மாதத்துக்குள் என்று கேட்டு அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லை ஊரில் இருப்பவர்களுக்கு மிகவும் தேவையான ஒரு பாடத்தை நாங்கள் பார்த்த எந்தப் பயிற்சியும் சரியாகத் தொடவில்லை. அது மொழி.

கற்பவரைப் பற்றிய ஆய்வில் ‘எந்த மொழி’ என்று ஒரே கேள்விதான் எல்லா டெம்ப்ளேட்டிலும் இருக்கிறது. நம் பக்கம் அது இரண்டு கேள்வி. எந்த மொழி பேசுவீர்கள், எந்த எழுத்து வாசிப்பீர்கள். வீட்டில் தமிழ் பேசி மலையாள மீடியத்தில் படித்தவருக்குத் தமிழ் எழுத்து வராமல் இருக்கலாம். தமிழ் மீடியத்தில் படித்தவர் மலையாளம் சரளமாகப் பேசுவார், போர்டு வாசிக்கத் தடுமாறுவார். முதலாமவருக்குத் தமிழ்க் குரலும் மலையாள எழுத்தும் தேவை. இதைக் கேட்காமல் ‘தமிழ் வெர்ஷன், மலையாளம் வெர்ஷன்’ என்று இரண்டு செய்தால் இரண்டு பேருக்குமே பாதிதான் போய்ச் சேரும்.

கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் மல்டிமீடியா விதிகளில் ஒன்று, குரல் சொல்வதையே திரையில் எழுத்தாகப் போடாதே என்பது. பயிற்சிகளில் இதை வேதவாக்காகச் சொல்லித் தருகிறார்கள். அந்த விதிக்கே எல்லை உண்டு: கேட்பது தாய்மொழியாக இல்லாதபோது திரை எழுத்து உதவும். கஞ்சிக்கோட்டில் மலையாளக் குரலைக் கேட்கும் தமிழ் ஊழியருக்கு முக்கியச் சொற்களையாவது திரையில் போட்டே ஆக வேண்டும். விதியை மட்டும் சொல்லி எல்லையைச் சொல்லாத பயிற்சி இங்கே தப்பான பாடத்தைக் கட்ட வைக்கும்.

மொழிபெயர்ப்பிலும் அப்படித்தான். அமிலம் தெறித்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு என்பதை மலையாளத்திலிருந்து மாற்றுபவர், அங்கே தண்ணீருக்குள்ள சொல்லை அப்படியே ‘வெள்ளம்’ என்று விட்டுவிட்டால், சித்தூர்க்காரருக்குப் புரியும். சேலத்திலிருந்து வந்து சேர்ந்தவர் ஒரு நொடி திகைப்பார். அமில விஷயத்தில் அந்த ஒரு நொடி பெரிது. மாற்றிய ஸ்கிரிப்டை எல்லைக்கு அப்பால் வளர்ந்த ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் பதிவு செய்யக் கூடாது.

குரல் நேரத்தை ஆங்கில வார்த்தைக் கணக்கில் மதிப்பிடச் சொல்லித் தருகிறார்கள். நிமிடத்துக்கு 130 முதல் 150 வார்த்தை என்று. தமிழில் ஒரு சொல்லிலேயே நாலு சொல்லின் பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஸ்டாப்வாட்ச் வைத்து வாய்விட்டு வாசித்துப் பார்ப்பதே வழி. பொத்தானிலும் பெட்டியிலும் ஆங்கிலம் நிரம்ப எழுதிவிட்டால் தமிழ் வழிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக விட்டே டிசைன் செய்யுங்கள். எழுத்துரு யூனிகோடாக இருக்க வேண்டும், விண்டோஸில் நிர்மலா யுஐ பாதுகாப்பானது. அச்சகத்திலிருந்து வரும் பழைய பாமினி எழுத்துருக் கோப்பை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

இன்னும் ஒரு பொறி. கோடிட்ட இடத்தில் கற்பவரே தமிழில் தட்டச்சு செய்யும் கேள்வி. ‘கொழுப்பு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு வேறு வேறு, சரியான விடையைத் தப்பு என்று போட்டுவிடும். மலையாளத்தில் ‘சில்லு’ எனப்படும் தனி மெய்யெழுத்துகளுக்கும் இதே தொல்லை. தேர்ந்தெடுக்கும் கேள்வியாகவோ இழுத்து வைக்கும் கேள்வியாகவோ மாற்றிவிடுங்கள்.

எங்கள் பரிந்துரையை மாதக் கணக்கில் சொன்னால்: முதல் இரண்டு மாதம் என்.பி.டி.இ.எல். பாடத்தோடு மூடுல் அகாடமி, செலவு தேர்வுக் கட்டணம் மட்டும். கூடவே வாரம் ஒரு ஸ்டோரிபோர்டு, ஐந்து திரைக்கு மேல் வேண்டாம். மூன்றாம் மாதம் அதில் சிறந்த இரண்டை எடுத்து, தொழிலில் இருக்கும் ஒருவரிடம் திருத்து வாங்குங்கள். முழுப் பயிற்சிக்குப் பெருந்தொகை கட்டுவதை விட, திருத்துவதற்கு மட்டும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் கிடைத்தால் அது மேல். ஆள் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கட்டணப் பயிற்சிக்குப் போங்கள், அந்த மூன்று கேள்வியோடு.

நான்காம் மாதம் ஆர்டிகுலேட் சோதனைக் காலம். ஒன்றை ஸ்டோரிலைனிலும் ஒன்றை எச்5பியிலும் செய்யுங்கள். 25ஆம் நாளுக்குள் எல்லாவற்றையும் வெப் வடிவில் இறக்கிக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், ரைஸில் செய்தது இருந்தால் அதை முதலில். கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். ஸ்டோரிலைன் தரும் வெப் கோப்பின் தொடக்கப் பக்கத்துக்கு ‘ஸ்டோரி’ என்றுதான் பெயர் இருக்கும், வழக்கமான ‘இண்டெக்ஸ்’ அல்ல. முகவரியின் கடைசியில் அந்தப் பெயரையும் சேர்த்து லிங்க் கொடுங்கள், இல்லாவிட்டால் பார்ப்பவருக்குப் பக்கம் இல்லை என்ற பிழைச் செய்திதான் வரும். பயோடேட்டா அனுப்பும் முன் வேறொருவரின் போனில், உங்கள் கணக்கு எதிலும் நுழையாமல், அந்த லிங்க்கைத் திறந்து பார்த்துவிடுங்கள். மாட்யூலுக்குக் கீழேயே ஸ்டோரிபோர்டின் பி.டி.எஃப்.ஐயும் வையுங்கள், முதல் வரைவும் திருத்திய வரைவும் இரண்டும்.